ரக்பி ரெஃப்ரிக்கு என்னதான் சொல்லித் தராங்க? புதுசா விசில் எடுக்கறவங்களுக்கு

நம்ம டெல்டா பக்கம் ரக்பி ஆடறதுக்கு ஆளுக்குப் பஞ்சமே இல்ல, விசில் அடிக்கத்தான் ஆள் கிடைக்க மாட்டேங்குது. கபடில தொடைய புடிச்சு, கணுக்கால புடிச்சு வளர்ந்த பசங்க, கையில பந்த குடுத்து பின்னாடிதான் பாஸ் பண்ணனும்னு சொல்லிட்டா போதும், கொஞ்ச நாள்லயே ஆட ஆரம்பிச்சிடறாங்க. 2025ல மும்பைல ரக்பி பிரீமியர் லீக் முதல் சீசன் நடந்து அதுல சென்னை புல்ஸ் கப் அடிச்சத பாத்துட்டு "சார் நாங்களும் ஆடறோம்"னு வந்து நிக்கற பசங்களும் இருக்காங்க. ஆனா ஒரு மேட்ச்னு வைக்கறப்ப என்ன ஆகுதுன்னா, ஸ்கூல்ல இருக்கற பி.டி. சார் கையில விசில குடுத்து நீங்களே பாத்துக்கங்க சார்னு சொல்லிடறாங்க, அவரு ஃபுட்பால் தெரிஞ்சவரு, கபடி தெரிஞ்சவரு, ராத்திரி உக்காந்து யூட்யூப்ல கொஞ்சம் பாத்துட்டு காலைல கிரவுண்டுக்கு வந்துடறாரு. அப்படி விசில் எடுக்கப் போறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். காலேஜ்ல ஆடிட்டு இருக்கற தம்பி தங்கச்சிங்க ரெஃப்ரி பக்கம் வரலாமான்னு யோசிச்சா அவங்களுக்கும்தான்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மீதி எல்லாம் அதுலேர்ந்துதான் வரும். ரெஃப்ரி பயிற்சில அடிபடாம ஆட்டத்த நடத்தறது ஒரு பாடம், ஒரே மாதிரி தீர்ப்பு சொல்றது இன்னொரு பாடம்னு நிறைய பேர் பிரிச்சு வச்சிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு ரெண்டும் ஒரே பாடம். ஒரு பையன் தோளுக்கு மேல கை போட்டு டேக்கிள் (பந்தோட ஓடறவன புடிச்சு கீழ சாய்க்கறது) பண்றான், அஞ்சாவது நிமிஷத்துல விசில் அடிக்கறீங்க, இருபதாவது நிமிஷத்துல அதே டேக்கிள பாத்தும் விட்டுடறீங்க, அப்ப உள்ள இருக்கற முப்பது பேருக்கும் எது கூடாதுங்கறதே கொழம்பிப் போயிடும், மாட்டுனா பாத்துக்கலாம்னு ஒவ்வொருத்தனும் கொஞ்சம் கொஞ்சமா கைய ஏத்திக்கிட்டே போவான். தலைல அடி வாங்கறது அப்பதான். அதே நீங்க முதல்லேர்ந்து ஒரே எடத்துல கோடு போட்டு அத கடைசி வரைக்கும் நகத்தாம இருந்தீங்கன்னா, பசங்க பதினஞ்சு நிமிஷத்துல தானா எறங்கி டேக்கிள் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க, நீங்க பாதுகாப்ப பத்தி ஒரு லெக்சரும் குடுக்க வேணாம்.

ஆட்டத்த பத்தி சுருக்கமா. ரக்பி யூனியன்ல ஒரு சைடுக்கு 15 பேரு, ரெண்டு 40 நிமிஷம். 19 வயசுக்குக் கீழன்னா ஒரு ஹாஃப் 35 நிமிஷம்தான். நம்ம பக்கம் ஸ்கூல், காலேஜ்ல அதிகம் ஆடறது செவன்ஸ், 7 பேரு, 7 நிமிஷ ஹாஃப். உலகம் பூரா சட்டம் போடறது வேர்ல்டு ரக்பி, டப்ளின்ல இருக்கு, மொத்தம் 21 சட்டம், அது போக 19 வயசுக்குக் கீழ ஆடறவங்களுக்கும் செவன்ஸுக்கும் தனி மாத்தங்கள் இருக்கு. இந்த மாத்தங்கள படிக்காம ஸ்கூல் மேட்ச்சுக்கு விசில் எடுக்கவே கூடாது, ஏன்னா டிவில பாக்கற பெரிய ஆளுங்க மேட்ச்சுல நடக்கற பல விஷயம் சின்னப் பசங்களுக்கு அனுமதி கிடையாது. உதாரணத்துக்கு ஸ்க்ரம்ல (ரெண்டு டீம் ஆளுங்களும் குனிஞ்சு தோளோட தோள் சேத்து பந்துக்காக தள்ளிக்கறது) 19 வயசுக்குக் கீழ இருக்கறவங்க ஒன்றரை மீட்டருக்கு மேல தள்ளக் கூடாது, பெரியவங்க மேட்ச்சுல அப்படி ஒரு வரம்பு கிடையாது.

படிக்கறதுக்கு எங்கயும் போக வேணாம். வேர்ல்டு ரக்பி வெப்சைட்லயே ரக்பி ரெடின்னு ஒரு பாடம் இருக்கு, தலையடி பத்தி ஒரு பாடம் இருக்கு, சட்டத்துக்கு ஒரு தேர்வு இருக்கு, எல்லாம் ஃப்ரீ, போன்லயே முடிக்கலாம். அதுக்கப்புறம்தான் லெவல் 1 கோர்ஸ், அது நேர்ல போய் கிரவுண்டுல செய்யணும். மாநில சங்கம் எப்ப வைக்கறாங்கன்னு விசாரிச்சு போங்க. ஆனா ஒண்ணு, சட்டப் புத்தகத்த மனப்பாடம் பண்ணிட்டா ரெஃப்ரி ஆயிட முடியாது. தேர்வுல நூத்துக்கு நூறு எடுத்தவங்க கிரவுண்டுல மொத ரக் (கீழ இருக்கற பந்துக்கு மேல ரெண்டு டீமும் குவிஞ்சு தள்ளிக்கறது) வந்ததும் எங்க பாக்கறதுன்னு தெரியாம முழிக்கறத பாத்திருக்கேன். பயிற்சில பாதிக்கு மேல கண்ணுக்குத்தான், எத மொதல்ல பாக்கணும், எத அப்புறம் பாக்கணும்ங்கறதுதான்.

வேல மேட்ச்சுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது. கிரவுண்டுல எந்த எடமாச்சும் ஆபத்தா இருந்தா ரெஃப்ரி மேட்ச்ச ஆரம்பிக்கவே கூடாதுன்னு முதல் சட்டத்துலயே இருக்கு. நம்ம ஊரு கிரவுண்டுக்கு இது ரொம்ப முக்கியம். வண்டல் மண்ணு, மாசி பங்குனிக்கு மேல காஞ்சு வெடிப்பு விட்டுடும், பையன் ஓடிட்டு இருக்கறப்ப கணுக்கால் உள்ள எறங்குற அளவுக்கு வெடிப்பு இருக்கும், மேல புல்லு இருக்கறதால கண்ணுக்கே தெரியாது. ஐப்பசி கார்த்திகைல நேர் எதிர், களி மாதிரி வழுக்கும், ஸ்க்ரம்ல கால ஊனி நிக்கவே முடியாது. அதனால கிரவுண்ட ஓரத்துலேர்ந்து பாத்துட்டு ஓகேன்னு சொல்றதுல்லாம் வேலைக்காகாது, குறுக்க நெடுக்க நடக்கணும். பொதுத் திடல்னா மாடு கட்டுன முளைக்குச்சி தரையோட தரையா நிக்கும், வாலிபால் கம்பத்துக்குப் போட்ட குழி இருக்கும், பாட்டில் ஓடு கிடக்கும். கோல்போஸ்ட்டுக்கு மெத்தை கட்டியிருக்கான்னு பாக்கணும். கோட்டுக்கு வெளிய சுத்தி 5 மீட்டராவது காலியா இருக்கணும்ங்கறாங்க, நம்ம ஊர்ல அங்கதான் பைக்க நிறுத்தி வச்சிருப்பாங்க. எடுக்கச் சொல்லுங்க, எடுக்கற வரைக்கும் விசில் அடிக்காதீங்க. சித்திரை வைகாசி வெயில்ல பதினோரு மணிக்கு மேட்ச் வச்சிருந்தாங்கன்னா டோர்னமென்ட் நடத்தறவங்ககிட்ட பேசி காலைல ஏழு மணிக்கு மாத்தப் பாருங்க, அது முடியலைன்னா ஒவ்வொரு ஹாஃப்லயும் நடுவுல தண்ணி குடிக்க நிறுத்தறதுக்கு முன்னாடியே ஒத்துக்க வச்சிடுங்க.

அப்புறம் பசங்கள வரிசையா நிக்க வச்சு பாக்கறது. பூட்ஸ் அடில இருக்கற ஸ்டட், அதாவது குமிழ், 21 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, முனை உடைஞ்சு கூரா இருக்கான்னு விரல் வச்சு தடவிப் பாக்கணும். மோதிரம், கடுக்கன், செயின், கையில போட்ட காப்பு எல்லாம் கழட்டணும். இதுல தகராறு வரும், கோயில்ல போட்டது சார், கழட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கன்னு பையன் நிப்பான். அவன் மேல கோவப்படாதீங்க, ஆனா காப்போட உள்ள விடவும் கூடாது, இன்னொருத்தன் கண்ணு புருவம் கிழிஞ்சா அம்மா சொன்னாங்கன்னு சொல்ல முடியாது. ஒரு டீம் ஸ்டட் வச்ச பூட்ஸ்லயும் இன்னொரு டீம் வெறுங்கால்லயும் வந்து நிக்கறதும் நடக்கும், அப்படி இருந்தா நான் ஆரம்பிக்க மாட்டேன். இங்கயும் ஒரே மாதிரிங்கறதுதான் விஷயம், உள்ளூர் டீம் பையனுக்கு ஒண்ணு வெளியூர் பையனுக்கு ஒண்ணுன்னு காப்பு விஷயத்துல பண்ணீங்கன்னா மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்க பேரு போச்சு.

இப்ப டேக்கிள். நம்ம பக்கத்துல இத தனியா சொல்லித் தரணும், ஏன்னா பசங்க உடம்புல கபடி ஊறியிருக்கு. அதுல பாதி ரக்பிக்கு ரொம்ப நல்லது, கீழ எறங்கி புடிப்பாங்க, தொடைல தோள குடுப்பாங்க, கணுக்கால் புடி ரக்பிலயும் சரிதான். மீதி பாதிதான் பிரச்சனை. கபடில ரெய்டர புடிச்சா விடவே கூடாது, மூச்சு விடற வரைக்கும் இழுத்து வச்சிருக்கணும். ரக்பில பந்து வச்சிருக்கறவன் கீழ விழுந்த அடுத்த நொடி டேக்கிள் பண்ணவன் கைய விட்டுட்டு விலகிப் போயிடணும், விழுந்தவனும் பந்த விட்டுடணும். இன்னொண்ணு, கபடில ரெய்டர அப்படியே தூக்கி கோட்டுக்கு வெளிய போட்டா கூட்டம் விசில் அடிக்கும், இங்க ஒருத்தன தூக்கி அவன் தலையோ தோள்பட்டையோ முதல்ல தரைல படற மாதிரி போட்டா நீங்க விசில் அடிக்கணும், பெரும்பாலும் சிவப்பு அட்டையே காட்ட வேண்டியிருக்கும். பசங்க வேணும்னு பண்றதில்ல, பழக்கம். அதனாலதான் மேட்ச்சுக்கு முன்னாடி ரெண்டு டீமையும் கூப்பிட்டு வச்சு, புடிச்சா விடணும், தூக்குனா பத்திரமா எறக்கணும், தோளுக்கு மேல கை போகக் கூடாதுன்னு மூணே மூணு விஷயம் சொல்றது நல்லது. அதுக்கு மேல சொன்னா ஒண்ணும் மண்டைல ஏறாது.

தோள் உயரம்ங்கறது பொதுச் சட்டம். கீழ ஆரம்பிச்சு வழுக்கி மேல போனாலும் தப்புதான். ஆனா 2023லேர்ந்து பல நாடுகள்ல கிளப், ஸ்கூல் அளவுல இன்னும் கீழ எறக்கி நெஞ்செலும்புக்குக் கீழதான் டேக்கிள் பண்ணனும்னு சோதனை பண்ணி பாக்கறாங்க, அதனால உங்க டோர்னமென்ட்ல எந்த உயரம்னு முதல்லயே கேட்டு வச்சுக்கங்க, ரெண்டு கோச்சுக்கும் சொல்லிடுங்க.

ரக் ஆகற எடத்துல எத பாக்கறதுங்கறது புதுசா வர்றவங்க எல்லாருக்கும் கஷ்டம். ஆறேழு பேரு ஒரு எடத்துல குவிஞ்சு கிடப்பாங்க, எல்லாரும் ஏதோ ஒரு தப்பு பண்ற மாதிரியே தெரியும். இதுக்கு ஒரு வரிசை இருக்கு, அத மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே இருக்கணும். டேக்கிள் பண்ணவன் விட்டானா, உருண்டு விலகுனானா. அடுத்து பந்துக்கு வந்தவன் தன் கால்ல நிக்கறானா இல்ல கைய தரைல ஊனி படுத்துட்டானா. அடுத்து கீழ கிடக்கறவன் பந்த விடறானா. அப்புறம்தான் ஓடி வர்றவங்க, நேர் பின்னாடிலேர்ந்து வர்றாங்களா, சைடுலேர்ந்து வந்து மோதறாங்களா. கடைசியா தலைய தூக்கி ஆஃப்சைடு லைன், அதாவது ரக்ல சேராதவங்க தாண்டாம நிக்க வேண்டிய கோடு. எந்த தப்பு முதல்ல நடந்துச்சோ அதுக்குத்தான் விசில். டேக்கிள் பண்ணவன் விடாம புடிச்சிருந்ததாலதான் கீழ கிடக்கறவன் பந்த விட முடியலன்னா, கீழ கிடக்கறவன் மேல பெனால்ட்டி குடுக்கறது அநியாயம். வரிசை இல்லாம பாக்கற ரெஃப்ரி ஒரு ரக்ல கடைசில பாத்தத புடிப்பாரு, அடுத்த ரக்ல முதல்ல பாத்தத புடிப்பாரு, பசங்களுக்கு தலையும் புரியாது வாலும் புரியாது.

இத பழக ஒரு பயிற்சி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது, காசும் செலவில்ல. நாலஞ்சு பேரு ஒரு ரூம்ல உக்காந்து ஒரு டேக்கிள் வீடியோவ ஒரே ஒரு தடவை போட்டு பாக்கணும், சாதா வேகத்துல, ஸ்லோ மோஷன் கூடாது. யாரும் பேசக் கூடாது. ஆளாளுக்கு ஒரு சீட்டுல என்ன தீர்ப்பு, எதுக்காகன்னு ரெண்டே வரில எழுதணும். அப்புறம் சீட்ட எல்லாம் மேசைல விரிச்சு வைங்க. ஒருத்தர் டேக்கிளர் விடலன்னு எழுதியிருப்பாரு, ஒருத்தர் பந்த விடலன்னு எதிர் சைடுக்கு பெனால்ட்டி குடுத்திருப்பாரு, ஒருத்தர் ஆட்டம் தொடரட்டும்னு எழுதியிருப்பாரு. ஒரே ஊரு, ஒரே வீடியோ, மூணு தீர்ப்பு. இப்ப யாரு சரின்னு சண்ட போடாம, நீங்க எத மொதல்ல பாத்தீங்கன்னு ஒவ்வொருத்தரையும் கேளுங்க. தீர்ப்பு வித்தியாசப்பட்டதுக்குக் காரணம் பெரும்பாலும் சட்டம் தெரியாதது இல்ல, பாத்த வரிசைதான் வேற வேற. வாரா வாரம் இத பண்ணுனா சீட்டுல இருக்கற பதில் கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணு சேர்ந்து வர்றத நீங்களே பாப்பீங்க. மன்னார்குடில ஒரு ரெஃப்ரி, நாகப்பட்டினத்துல ஒரு ரெஃப்ரின்னு பசங்க ஊருக்கு ஊரு சட்டம் கத்துக்கற நிலமை மாறணும்னா இத விட்டா வேற வழி எனக்குத் தெரியல.

தலைல பட்ட டேக்கிளுக்கு தனியா ஒரு முறையே வச்சிருக்காங்க, வேர்ல்டு ரக்பி 2021ல கொண்டு வந்தது. நாலு கேள்வி, இதே வரிசைல. தலைல பட்டுச்சா? அது டேக்கிள் பண்ணவன் தப்பா? எவ்வளவு ஆபத்தானது? குறைச்சுக்க ஏதாச்சும் காரணம் இருக்கா? ஓடி வர்றவன் கடைசி நொடில திடீர்னு குனிஞ்சிட்டான்னா அது குறைச்சுக்கற காரணம், சிவப்பு மஞ்சளாகலாம். ஆனா நேரா நிமிந்து நின்னுக்கிட்டு முழு வேகத்துல தோளால தலைல மோதுனா நல்ல பையன் சார், வேணும்னு பண்ணலங்கறதுல்லாம் அந்த நாலு கேள்விலயே கிடையாது. புதுசா வர்றவங்க தடுமாற எடம் இதுதான், அவன் எண்ணம் என்னன்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க. எண்ணத்த பாக்காதீங்க, நடந்தத பாருங்க. இந்த நாலு கேள்விய வாய்விட்டு சொல்லிக்கிட்டே தீர்ப்பு சொல்லப் பழகணும், கேப்டன் பக்கத்துல நின்னா அவனுக்கும் கேக்கற மாதிரி. மஞ்சள்னா 15 பேர் ஆட்டத்துல 10 நிமிஷம் வெளிய, செவன்ஸ்ல 2 நிமிஷம்.

ஸ்க்ரம்தான் இருக்கறதுலயே கவனமா இருக்க வேண்டிய எடம், கழுத்து சம்பந்தப்பட்டது. மேட்ச்சுக்கு முன்னாடியே ரெண்டு கோச்சுகிட்டயும் உங்க ஃப்ரண்ட் ரோ (ஸ்க்ரம்ல முன் வரிசைல நிக்கறவங்க) யாரு, மாத்து ஆளு யாருன்னு பேரோட கேட்டு எழுதி வச்சுக்கணும். அந்த எடத்துக்குன்னு பயிற்சி எடுக்காத பையன ஆள் குறையுதுன்னு உள்ள நிறுத்தக் கூடாது. பயிற்சி எடுத்தவன் இல்லன்னா தள்ளு இல்லாத ஸ்க்ரம்தான், பந்த போடற டீமே எடுத்துக்கும், யாரும் தள்ள மாட்டாங்க. பசங்களுக்கு சப்புன்னு இருக்கும், கோச் மூஞ்சிய தூக்கி வச்சுக்குவாரு, இருக்கட்டும்.

ஸ்க்ரம் சேக்கறப்ப மூணு வார்த்தை, க்ரவுச், பைண்ட், செட். இந்த வரிசை 2013ல வந்தது, முன்னாடி தூரத்துலேர்ந்து வேகமா வந்து மோதுவாங்க, இப்ப மோதறதுக்கு முன்னாடியே ப்ராப் (முன் வரிசைல ரெண்டு ஓரத்துலயும் நிக்கறவங்க) ரெண்டு பேரும் எதிராளி ஜெர்சிய கைல புடிச்சுக்கணும். இங்கிலாந்துல பாத் யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ணி பாத்ததுல மோதற விசைல கால்வாசி குறையுதுன்னு தெரிஞ்சுது, அதுக்கப்புறம்தான் சட்டத்தையே மாத்துனாங்க. இப்ப நீங்க பக்கத்துல நிக்கறீங்க. "க்ரவுச்." எல்லாரும் குனியறாங்க. நீங்க பாக்க வேண்டியது தோள், இடுப்ப விட தோள் கீழ போச்சா? போச்சுன்னா நிறுத்துங்க, எந்திரிக்கச் சொல்லி மறுபடி முதல்லேர்ந்து. முதுகு தட்டையா இருக்கணும், கால் நல்லா ஊனியிருக்கணும். "பைண்ட்." கை எங்க போகுதுன்னு பாருங்க, எதிராளி முதுகுலயோ சைடுலயோ ஜெர்சிய புடிச்சிருக்கணும், கை சட்டை கைப்பக்கத்தயோ அக்குள் பக்கம் கீழயோ புடிச்சு இழுத்தா ரெண்டு பேரும் சேந்து கவுந்துடுவாங்க. எல்லாரும் ஆடாம நிக்கற வரைக்கும் அடுத்த வார்த்த உங்க வாய்லேர்ந்து வரக் கூடாது. "செட்." ரெண்டு சைடும் சேர்றாங்க. அதுக்கப்புறமும் நேரா, அசையாம நின்னாத்தான் பந்து உள்ள. கவுந்துச்சா, உடனே விசில், யாரு தப்புன்னு அப்புறம் யோசிக்கலாம். மழைக்காலத்துல நம்ம களிமண்ணுல கால் வழுக்கி தானா கவுறதுதான் அதிகம், ரெண்டு மூணு தடவை அப்படி ஆச்சுன்னா காஞ்ச எடமா பாத்து கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க, அதுவும் முடியலன்னா கேப்டன் ரெண்டு பேரையும் கூப்பிட்டு இனி தள்ளு கிடையாதுன்னு சொல்லிடறதுதான் என் கருத்து.

அந்த மூணு வார்த்தைக்கு நடுவுல விடற இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஒரே அளவா இருக்கணும். ஒரு தடவை சீக்கிரமா செட் சொல்லி, அடுத்த தடவை இழுத்தீங்கன்னா பசங்க நீங்க எப்ப சொல்வீங்கன்னு யூகிக்க ஆரம்பிச்சு முன்னாடியே பாய்வாங்க, கழுத்துல அடிபடறது அங்கதான். வீட்டுல மொட்டை மாடில நின்னு வாய்விட்டு சொல்லிப் பழகுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணி திரும்பக் கேளுங்க.

இனி தலையடி. மயக்கம் போட்டு விழுந்தாத்தான் கன்கஷன் (அடில மூளை குலுங்கறது)னு நம்ம ஊர்ல நினைக்கறாங்க, அது தப்பு, பெரும்பாலான கன்கஷன்ல மயக்கமே வராது. எந்திரிக்க லேட் ஆகுதா, தலைய புடிச்சுக்கிட்டானா, பார்வை எங்கயோ இருக்கா, கால் பின்னுதா, தப்பான சைடுல போய் நிக்கறானா, இதுல ஏதாவது ஒண்ணு போதும். கேக்கறதுக்கு சில கேள்வி இருக்கு, இது எந்த கிரவுண்டு தம்பி, இப்ப எந்த ஹாஃப், கடைசியா யாரு ஸ்கோர் பண்ணா, போன மேட்ச் யாரோட ஆடுனீங்க. பதில் தப்பா வந்தா சந்தேகமே வேணாம், வெளிய. பதில் சரியா வந்தாலும் பாத்த அறிகுறி இல்லன்னு ஆயிடாது, அப்பவும் வெளியதான்.

கிரவுண்டுல இது எப்படி நடக்கும்னா, பையன் எந்திரிச்சு நிப்பான், ஒரு கால் மட்டும் லேசா தடுமாறும், உடனே சமாளிச்சுக்குவான். "ஒண்ணும் இல்ல சார், நான் ஆடறேன்." கோச் லைன்லேர்ந்து, "சார் விடுங்க சார், பையன் நல்லாத்தான் இருக்கான், பத்து நிமிஷம்தான் இருக்கு." அவன் அப்பா கிரவுண்டுக்குள்ளயே வந்துடுவாரு, "கபடில இத விட பெரிய அடில்லாம் வாங்கியிருக்கான் சார்." நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அதையும் மெதுவா, மரியாதையா, "அண்ணே, இன்னைக்கு இவன் திரும்ப உள்ள வர மாட்டான்." விளக்கம் அப்புறம். டாக்டர் இருந்தாலும் இல்லன்னாலும் அடிபட்ட ஆட்டக்காரர வெளிய அனுப்பற அதிகாரம் ரெஃப்ரிக்கு சட்டத்துலயே இருக்கு. டிவில பாக்கறப்ப வெளிய போயிட்டு டெஸ்ட் பண்ணிட்டு திரும்ப வர்றாங்களே சார்னு கேப்பாங்க, அது அதுக்குன்னே பயிற்சி எடுத்த டாக்டர் கூடவே இருக்கற பெரிய மேட்ச்சுக்கு மட்டும், ஸ்கூல் கிளப் மேட்ச்சுல சந்தேகம் வந்தாலே அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது. கழுத்து வலிக்குதுன்னா, கை கால் மரத்துப் போச்சுன்னா, வாந்தி மேல வாந்தி எடுத்தா, வலிப்பு வந்தா, 108 கூப்பிடுங்க. கழுத்து வலின்னு சொல்றவன யாரும் தூக்கக் கூடாது, ஆட்டோல ஏத்திட்டுப் போயிடலாம்னு நாலு பேரு ஓடி வருவாங்க, அத தடுக்கறதும் உங்க வேலதான்.

அட்வான்டேஜ் பத்தி ரெண்டு வார்த்த. தப்பு பண்ணாத டீமுக்கு லாபம் வருதுன்னா ஆட்டத்த நிறுத்தாம விடலாம், ரக்பியோட அழகே அதுலதான் இருக்கு. ஆனா தொடர்ந்து ஆடுனா ஆபத்துன்னாலோ, யாருக்கோ பெரிய அடிபட்டிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலோ அட்வான்டேஜே கிடையாது, அடுத்த நொடி ட்ரை (எதிர் கோட்டுக்கு அப்பால பந்த தரைல வச்சு எடுக்கற பாயின்ட்) விழப் போகுதுன்னாலும் விசில்தான். கஷ்டமா இருக்கும், கூட்டம் கத்தும்.

ஒரே மாதிரிங்கறத தப்பா புரிஞ்சுக்கறவங்களும் உண்டு. ஒரு டீம் மேல எட்டு பெனால்ட்டி, இன்னொரு டீம் மேல ரெண்டு, அய்யய்யோ ஒரு பக்கமா போகுதேன்னு பயந்து அடுத்து அந்த ரெண்டாவது டீம் மேல சும்மா ரெண்டு விசில் அடிச்சு சமன் பண்றது. இத பண்ணவே கூடாது. எட்டு தடவை தப்பு பண்ணுனா எட்டு தடவை விசில், அவ்வளவுதான். அதுக்கு பதிலா நாலாவது தடவையே கேப்டன கூப்பிட்டு இதே தப்பு திரும்ப வந்தா மஞ்சள் அட்டைன்னு சொல்லுங்க, சொன்னா செய்யுங்க. அதே மாதிரி ஆட்டத்த பாதிக்காத சின்ன தப்புக்கெல்லாம் விசில் அடிச்சுக்கிட்டே இருந்தா ஆட்டமே நடக்காது, பந்து வெளிய வந்து அடுத்த சைடுக்குப் போயிடுச்சு, இந்தப் பக்கம் ஒருத்தன் உருண்டு போக கொஞ்சம் லேட் ஆச்சுன்னா விட்டுடலாம், "சீக்கிரம் விலகு தம்பி"ன்னு ஒரு குரல் குடுத்தா போதும். ஆனா இந்த தாராளம் பாதுகாப்பு விஷயத்துக்கு கிடையாது. உயரமான டேக்கிள், காத்துல இருக்கறவன மோதறது, கை இல்லாம தோளால இடிக்கறது, இதுல பாதிச்சுதா பாதிக்கலயான்ற கேள்வியே இல்ல.

பேச்சும் ஒரு பயிற்சிதான். தப்பு நடக்கறதுக்கு முன்னாடியே குரல் குடுத்தா பாதி பெனால்ட்டி தேவைப்படாது. ரிலீஸ், ரோல், கைய எடு, எந்த வார்த்தைய புடிக்கறீங்களோ அதையே கடைசி வரைக்கும் சொல்லுங்க. நைஜல் ஓவன்ஸ்னு வேல்ஸ் நாட்டு ரெஃப்ரி, 2015 உலகக் கோப்பை ஃபைனல் நடத்துனவரு, 2020ல 100 டெஸ்ட் மேட்ச்ச தொட்ட முதல் ரெஃப்ரி, அவரு மேட்ச்ச சத்தம் வச்சு கேளுங்க, கத்தவே மாட்டாரு, ரெண்டே வரில முடிப்பாரு. பொண்ணுங்களுக்கு இது வருமான்னு கேக்கறவங்களுக்கு, ஹோலி டேவிட்சன்னு ஸ்காட்லாந்துக்காரங்க, 2022ல நியூசிலாந்துல நடந்த பெண்கள் உலகக் கோப்பை ஃபைனலுக்கு விசில் அடிச்சவங்க, ஆம்பளைங்க டெஸ்ட் மேட்ச்சும் நடத்தறாங்க. நம்ம கபடி டீம் பொண்ணுங்க யாராவது இந்தப் பக்கம் வந்தா நான் ரொம்ப சந்தோஷப்படுவேன்.

உடம்பும் தயாரா இருக்கணும், ஏன்னா மூச்சு வாங்குனா கண்ணு வேலை செய்யாது. கடைசி இருபது நிமிஷத்துல தீர்ப்பு மாறிப் போறதுக்கு பெரும்பாலும் காரணம் ரெஃப்ரி ரக்குக்கு லேட்டா வந்து சேர்றதுதான். ப்ராங்கோன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 20 மீட்டர் போயிட்டு வந்து, 40 போயிட்டு வந்து, 60 போயிட்டு வரணும், இது அஞ்சு தடவை, மொத்தம் 1200 மீட்டர் நிக்காம. தஞ்சாவூர்ல இருக்கறவங்க அன்னை சத்யா ஸ்டேடியத்துல விடியக்காலைல வச்சுக்கலாம், மத்தவங்க ஸ்கூல் கிரவுண்டுல கோன் வச்சு ஓடுங்க. ஓடி முடிச்ச உடனே மூச்சு வாங்கிட்டு இருக்கறப்பவே ஒரு வீடியோவ போட்டு தீர்ப்பு எழுதிப் பாருங்க, உக்காந்துட்டு எழுதுனதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஆரம்பிக்கறப்ப நேரா பெரிய டோர்னமென்ட்டுக்குப் போகாதீங்க. கொஞ்ச நாள் கொடி புடிச்சு லைன்ல நில்லுங்க, அப்புறம் 14 வயசுக்குக் கீழ பசங்க செவன்ஸ், அப்புறம் மேல. தெரிஞ்ச ஒருத்தர வெளிய நிக்க வச்சு, இன்னைக்கு டேக்கிள் உயரத்த மட்டும் பாருங்க, நான் எத்தன விட்டேன்னு மட்டும் குறிங்கன்னு சொல்லுங்க. எல்லாத்தையும் பாத்து சொல்லுங்கன்னா "நல்லா பண்ணீங்க தம்பி"ன்னு முதுகுல தட்டிட்டுப் போயிடுவாங்க, அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. மேட்ச் நடுவுல யாராவது போன்ல வீடியோவ காட்டி இத பாருங்க சார்னு வந்தா பாக்காதீங்க, ஒருத்தர் வீடியோவ பாத்தா எல்லார் வீடியோவையும் பாக்கணும். மேட்ச் முடிஞ்சப்புறம் வாங்கி உக்காந்து பாருங்க.

மேட்ச் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரிக்குள்ள செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. தலையடின்னு யார வெளிய அனுப்புனீங்களோ அந்தப் பையன் ஜெர்சி நம்பர், எந்த நிமிஷம், என்ன பாத்தீங்க, எல்லாத்தையும் எழுதி டோர்னமென்ட் நடத்தறவங்களுக்கும் அவன் ஸ்கூலுக்கும் அனுப்பணும். நம்ம பக்கம் சனிக்கிழமை கும்பகோணத்துல ஆடற பையன் ஞாயித்துக்கிழமை மயிலாடுதுறைல கபடி ஆடப் போயிடுவான், அங்க இருக்கற ரெஃப்ரிக்கு நேத்து என்ன நடந்துச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால வீட்டுக்கும் ஒரு போன் போட்டு, டாக்டர பாத்துட்டு அவரு சரின்னு சொல்ற வரைக்கும் எந்த ஆட்டமும் வேணாம், கபடியும் வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க.